லைசன்ஸ் கட் ஆன பிறகு: வன்னியில் சாரதி அனுமதிப்பத்திரத்தைத் திரும்பப் பெறும் வழி

"ஆறு மாதம்" என்று நீதவான் சொன்னது மட்டும்தான் என் மச்சானுக்குக் கேட்டது. அதற்கு முன்னும் பின்னும் சொன்னது ஒன்றும் மண்டைக்குள் போகவில்லை. அவன் விசுவமடுப் பக்கத்திலிருந்து மரக்கறி ஏற்றி ஓடும் பட்டாக்காரன் (பட்டா என்றால் சின்னச் சரக்கு வாகனம்). பரந்தன் – முல்லைத்தீவு வீதியில், அதுதான் ஏ35, ஒரு கலியாண வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது மறித்து, குடித்திருக்கிறானா என்று பார்க்க ஊத வைத்துவிட்டார்கள். தண்டம் 25,000 ரூபா, லைசன்ஸ் ஆறு மாதம் கட். நீதிமன்ற வாசலுக்கு வந்து அவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "அத்தான், மோட்டார் சைக்கிள் ஓடலாம்தானே?"

ஓட முடியாது. ஆனால் அன்றைக்கு அது எனக்கும் நிச்சயமாகத் தெரியாது. பிறகு அவனுக்காக நீதிமன்றப் பதிவகம், பொலிஸ் நிலையம், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகம் என்று அலைந்ததில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் எதுவானாலும் நடைமுறையின் அடிப்படை ஒன்றுதான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். லண்டனில் இருக்கும் சொந்தக்காரர் தொலைபேசியில் சொல்லும் ஆலோசனையை இங்கே பொருத்திப் பார்க்காதீர்கள். அங்கே 56 நாளோ அதற்கு மேலோ தடை விழுந்தால் பழைய லைசன்ஸ் அத்தோடு சரி, புதிதாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கான படிவமும் தடை முடிவதற்கு முன்னரே வீட்டு வாசலுக்கு வந்துவிடும். குடித்து ஓடி அளவு மிகவும் கூடியிருந்தவருக்கு வைத்தியப் பரிசோதனையும் உண்டு. இங்கே அப்படி ஒரு கடிதம் வருமென்று காத்திருந்தால் காத்திருக்க வேண்டியதுதான். உங்கள் அட்டை எங்கே கிடக்கிறது, எப்போது எடுக்கலாம் என்பதை நீங்களேதான் தேடிப் பிடிக்க வேண்டும்.

முதல் வேலை: உங்கள் லைசன்சுக்கு உண்மையில் என்ன நடந்தது?

"லைசன்ஸ் போயிட்டுது" என்று நாங்கள் சொல்வதற்குள் குறைந்தது நான்கு வேறு சங்கதிகள் இருக்கின்றன. எது உங்களுடையது என்று தெரியாமல் ஒரு அலுவலகத்துக்கும் போகாதீர்கள். போனால் அவர்கள் அடுத்த அலுவலகத்துக்குக் கையைக் காட்டுவார்கள். அங்கே போனால் திரும்ப இங்கேதான்.

இருப்பதில் லேசானது, தண்டப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டுப் பொலிஸ் அட்டையை வாங்கி வைப்பது. ஹெல்மெட், சமிக்ஞை விளக்கு போன்ற விடயங்கள். இது கட் அல்ல. கையில் தந்த அந்தப் பத்திரமே 14 நாளுக்குத் தற்காலிக லைசன்ஸ் மாதிரி. அதற்குள் தபாலகத்தில் தண்டத்தைக் கட்டிப் பற்றுச்சீட்டை அதே பொலிஸ் நிலையத்தில் காட்டினால் அட்டை வந்துவிடும். 2025 முதல் சில இடங்களில் கவ்பே (GovPay) என்ற அரச இணையக் கட்டண முறை மூலம் அந்த இடத்திலேயே கட்டும் முறையும் வந்திருக்கிறது. 14 நாள் தாண்டினால் இரட்டிப்பு, 28 நாளும் தாண்டினால் நீதிமன்றம். நெல்லு வெட்டு நேரம் என்று இதைத் தள்ளிப்போட்டு, 14ஆம் நாளுக்குப் பிறகும் அதே பத்திரத்தைக் காட்டிக்கொண்டு ஓடி மாட்டியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, நீதிமன்றம் இடைநிறுத்துவது. ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு உங்கள் லைசன்ஸ் செல்லாது. காலம் முடிந்தால் அதே லைசன்சுக்கு உயிர் வரும். மச்சானுடையது இந்த வகை.

மூன்றாவது, நீதிமன்றம் இரத்துச் செய்வது. இதில் பழைய அட்டை திரும்பி வராது. ஆட்களுக்குக் காயம், உயிரிழப்பு என்று போன வழக்குகளில் இந்தச் சொல்லை எதிர்பார்க்கலாம். தடைக்காலம் முடிந்தபின் எழுத்துப் பரீட்சை, ட்ரயல் (வாகனம் ஓடிக் காட்டும் பரீட்சை) என்று முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

நான்காவது நீதிமன்றத்தோடு சம்பந்தப்படாதது. கண் பார்வை, வலிப்பு போன்ற வைத்தியக் காரணம், அல்லது அட்டையின் காலம் முடிந்துபோனது. இதற்குத் திணைக்களமும் வைத்தியச் சான்றிதழும்தான் வழி.

இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையில்தான் ஆட்கள் குழம்புகிறார்கள். வழக்கு முடிந்து வெளியே வந்தவரிடம் கேட்டால் "ஒரு வருசம் கட்" என்பார். இடைநிறுத்தமா இரத்தா என்று கேட்டால் முழிப்பார். இந்த ஒரு சொல்லில் பல மாத அலைச்சல் வித்தியாசம் இருக்கிறது.

கட்டளையின் பிரதியைக் கையில் எடுங்கள்

தீர்ப்புச் சொன்ன நாளிலேயே, அல்லது அந்த வாரத்துக்குள், உங்கள் வழக்கை விசாரித்த நீதவான் நீதிமன்றத்தின் பதிவகத்தில் கட்டளையின் உறுதிப்படுத்தப்பட்ட பிரதிக்கு விண்ணப்பம் கொடுங்கள். வழக்கு இலக்கம், தவணைத் திகதி, தேசிய அடையாள அட்டை இலக்கம் இருந்தால் போதும். சட்டத்தரணி வைத்திருந்தால் அவரே எடுத்துத் தருவார். குற்றத்தை ஒப்புக்கொண்டு சட்டத்தரணி இல்லாமலே முடித்தவர்கள் தாங்களே போக வேண்டும். வடக்கில் நீதிமன்ற மொழி தமிழ் என்பதால் பிரதியைப் பெரும்பாலும் நீங்களே வாசித்து விளங்கிக்கொள்ளலாம்.

பிரதியில் பார்க்க வேண்டியவை: இடைநிறுத்தமா இரத்தா. எவ்வளவு காலம். எந்தத் திகதியிலிருந்து. எந்த வகை வாகனம் என்று ஏதும் பிரித்துச் சொல்லப்பட்டிருக்கிறதா. அட்டையை என்ன செய்யச் சொல்லியிருக்கிறது.

மச்சான் விட்ட பிழை திகதியில்தான். பொலிஸ் மறித்து அட்டையை வாங்கியது ஒரு மாதத்தில், தீர்ப்பு வந்தது அடுத்த மாதத்தின் நடுவில். அவன் மறித்த இரவிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தான். கட்டளையைக் கையில் எடுத்துப் பார்த்தபோது ஆறு மாதம் என்பது தீர்ப்புத் திகதியிலிருந்து என்று தெளிவாக எழுதியிருந்தது. பிரதி எடுக்காமல் இருந்திருந்தால் ஒரு மாதத்துக்கு மேல் முன்னதாகவே பட்டாவை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போயிருப்பான். நாங்கள் செய்தது இவ்வளவுதான்: வீட்டு நாட்காட்டியில் கடைசித் திகதிக்கு அடுத்த நாளைச் சிவப்பு மையால் வட்டம் போட்டு, அதற்கு இரண்டு கிழமை முன்னால் இன்னொரு வட்டம் போட்டோம். முதல் வட்டம் ஓட்டத்துக்கு, முன்னால் போட்டது அலைச்சலுக்கு.

அதே நாளில் பதிவகத்தில் இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: "அட்டை இங்கேயே இருக்குமா, பொலிசில் இருக்கா, இல்லாட்டிக் கொழும்புக்குப் போகுமா?" பதிலை எழுதிக்கொள்ளுங்கள். யார் சொன்னார், எந்தத் திகதி என்பதையும் சேர்த்து. ஆறு மாதம் கழித்துப் போகும்போது அந்த மேசையில் வேறு ஆள் இருப்பார்.

தண்டனை கூடிப்போனது என்று நினைத்தால்

மேன்முறையீடு செய்ய 14 நாள்தான். நீதவான் நீதிமன்றத் தீர்ப்புக்கு எதிரான மனுவை அதே நீதிமன்றத்தில் கொடுக்க, அது மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போகும். 14 நாள் என்பது கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். கடன் வாங்கித் தண்டம் கட்டி, வீட்டில் சண்டை பிடித்து முடியவே ஒரு கிழமை போய்விடும். ஆகவே யோசிப்பதென்றால் முதல் இரண்டு மூன்று நாளில் ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள். வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் மாவட்ட நிலையத்தில் இலவசமாக ஆலோசனை கேட்கலாம்.

என்னுடைய அபிப்பிராயம் கேட்டால்: குடித்திருந்தது உண்மை, ஊதிய அளவும் தெளிவு என்றால், ஆறு மாதத் தடைக்கு மேன்முறையீடு செய்து செலவழிக்கும் காசு வீண். இரத்து என்று வந்து, ஓட்டம்தான் உங்கள் சீவியம் என்றால் அது வேறு கதை. அப்போது பேசிப் பார்க்கத்தான் வேண்டும்.

இடையில் ஏதும் சலுகை கேட்க வேண்டுமானாலும் கட்டளை போட்ட நீதிமன்றத்தில்தான் கேட்க வேண்டும். திணைக்களத்தில் போய் மன்றாடிப் பயனில்லை. நீதிமன்றம் போட்ட தடையை அங்கே உள்ள எழுதுவினைஞர் எடுத்துவிட முடியாது. "உள்ளுக்கு ஆள் இருக்கு, எடுத்துத் தாறன்" என்று யாராவது வந்தால் அவர் உங்கள் காசைத்தான் எடுப்பார். அப்படிக் காசு கேட்பவர் அலுவலகத்துக்குள் இருக்கும் ஆளே என்றால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இலக்கம் 1954.

தடைக்காலத்தில் ஓடினால்

இது ஓட்டக்காரர்களுக்கு மட்டுமல்ல, எங்கள் ஊரில் எல்லோருக்கும் கஷ்டமான பகுதி. அக்கராயனிலோ நெடுங்கேணியிலோ இருப்பவருக்கு மோட்டார் சைக்கிள் இல்லை என்றால் கிளினிக்குக்கும் போக முடியாது, பிள்ளையின் டியூஷனுக்கும் போக முடியாது. பின்னேரம் கடைசி பஸ் போய்விட்டால் அவ்வளவுதான். அதனால்தான் "உள் ரோட்டில ஓடலாம்", "உழவு இயந்திரத்துக்குப் பிரச்சினை இல்லை" என்று நாங்களே சட்டம் எழுதிக்கொள்கிறோம்.

லைசன்ஸ் என்பது ஒரே அட்டை. மோட்டார் சைக்கிளுக்கு ஏ, முச்சக்கர வண்டிக்கு பி1, காருக்கும் பட்டாவுக்கும் பி, லொறிக்கு சி வகை, உழவு இயந்திரத்துக்கு ஜி, லான்மாஸ்ரருக்கு (இரு சக்கரக் கை உழவு இயந்திரம்) ஜி1 என்று எல்லாம் அதே அட்டையின் பின்பக்கத்தில்தான் இருக்கிறது. கட்டளையில் பிரித்துச் சொல்லாவிட்டால் அட்டை முடங்கும்போது அவ்வளவும் முடங்கும். பட்டாவில் செய்த குற்றத்துக்கு மோட்டார் சைக்கிளும் நிற்கும். உழவு இயந்திரத்தை வயலுக்குள் உழுவது வேறு. ஆனால் வயலுக்குப் போவது வீதியால்தான், பொலிஸ் நிற்பதும் வீதியில்தான்.

செல்லுபடியான லைசன்ஸ் இல்லாமல் ஓடுவதற்கு 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு தண்டம் குறைந்தது 25,000 ரூபா. லைசன்ஸ் இல்லாத ஆளை வேலைக்கு வைத்து வாகனத்தைக் கொடுத்தவருக்கும் அதே திருத்தத்தில் 25,000 ரூபா தொடக்கம்தான். ஆகவே ரிப்பர், கன்ரர் போன்ற லொறி ஓடுபவர்கள் முதலாளியிடம் மறைக்காதீர்கள். மறைத்து ஓடி மாட்டினால் அவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போவீர்கள். தண்டத்தை விடப் பெரிய ஆபத்து காப்புறுதி. செல்லுபடியான லைசன்ஸ் உள்ளவர் ஓட வேண்டும் என்பது பத்திரத்திலேயே உள்ள நிபந்தனை. ஏ9இல் இரவில் படுத்திருக்கும் மாட்டையோ, பின் விளக்கு இல்லாத உழவு இயந்திரப் பெட்டியையோ தவிர்க்கப் போய் எதிரே வருபவருக்கு ஏதும் நடந்துவிட்டால், அந்த நட்டம் முழுக்க உங்கள் காணி உறுதியில் வந்து விழும்.

மச்சான் வீட்டில் என்ன செய்தார்கள்? பட்டாவைப் பக்கத்து ஊர்ப் பொடியன் ஒருவனுக்கு நாட்கூலிக்குக் கொடுத்தான். தான் சைக்கிளில் பஸ் தரிப்பிடம் வரை போனான். உழைப்பு பாதியாகிப் போனது. ஆனால் வாகனம் ஓட்டத்தில் இருந்ததால் லீசிங் தவணை தப்பியது.

காலம் முடிந்த பின் அட்டையை எடுப்பது

இடைநிறுத்தக் காலம் முடிய இரண்டு கிழமை இருக்கும்போது ஒரு தரம் போய்க் கேளுங்கள். கையில் கொண்டுபோக வேண்டியவை: கட்டளையின் உறுதிப்படுத்தப்பட்ட பிரதி, தண்டப்பணம் கட்டிய பற்றுச்சீட்டு, அடையாள அட்டையும் அதன் போட்டோ கொப்பியும், லைசன்சின் கொப்பி ஏதும் இருந்தால் அதுவும். தண்டத்தில் ஒரு சதம் பாக்கி இருந்தாலும் கதை நகராது. பகுதி பகுதியாகக் கட்ட அனுமதி வாங்கியவர்கள் எல்லாப் பற்றுச்சீட்டையும் ஒன்றாக ஊசி குத்தி வைத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு இங்கேதான் ஒரு நாள் முழுக்கச் செலவானது. பதிவேட்டில் மச்சானின் பெயர் தமிழில், லைசன்சில் ஆங்கிலத்தில். தகப்பன் பெயர் ஒன்றில் முன்னெழுத்தாக, மற்றதில் முழுதாக. பெயரை வைத்துத் தேட முடியாமல் அடையாள அட்டை இலக்கத்தைக் கேட்டார்கள். பொலிஸ் எழுதிய குற்றப்பத்திரத்தில் இருந்தது பழைய இலக்கம், 9 எண்ணும் கடைசியில் வி எழுத்தும். அவன் இடையில் புது அட்டை எடுத்திருந்தான், அதில் 12 எண். "இது வேற ஆள் போல கிடக்கு" என்று கோப்பை மூடிவிட்டார் அங்கே இருந்தவர்.

இரண்டும் ஒரே இலக்கம்தான். பழைய இலக்கத்தின் முன்னால் 19 சேர்த்து, முதல் ஐந்து எண்ணுக்குப் பிறகு ஒரு பூச்சியம் போட்டு, வி எழுத்தை எடுத்துவிட்டால் புது இலக்கம் வந்துவிடும். உதாரணத்துக்கு 85123 4567 வி என்பது 198512304567 ஆகும். முதல் இரண்டு எண் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது (பெண்களுக்கு அதில் 500 கூட்டியிருக்கும்). ஒரு துண்டுக் கடதாசியில் இரண்டையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிக் காட்டினேன். கோப்பு திறந்தது. இப்போது யாரோடு போனாலும் அந்தத் துண்டை முதலே எழுதிக்கொண்டுதான் போகிறேன்.

அட்டை திணைக்களத்துக்குப் போயிருந்தால், முதலில் மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள். கொழும்புக்குத்தான் போக வேண்டும் என்று சொன்னால், சாரதி அனுமதிப்பத்திர வேலை நடப்பது வேரஹெரவில். நாரஹேன்பிட்டியில் உள்ளது தலைமை அலுவலகம். இரவு பஸ்ஸில் போய் விடிய நாரஹேன்பிட்டியில் இறங்கி, பிறகு அங்கிருந்து ஓட்டோ பிடித்து வேரஹெரவுக்கு ஓடியவர்கள் எத்தனை பேர். புறப்படுமுன் 1919 அரச தகவல் நிலையத்துக்கு ஒரு அழைப்பு எடுத்து, எந்தக் கிழமை, என்ன ஆவணம், எவ்வளவு கட்டணம் என்று தமிழிலேயே கேளுங்கள். ஒரு அழைப்பு ஒரு இரவுப் பயணத்தை மிச்சம் பிடிக்கும்.

எங்கேயும் அட்டை இல்லை, தொலைந்துவிட்டது என்றால் பொலிசில் முறைப்பாடு போட்டு அதன் பிரதியோடு இரண்டாம் பிரதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். 2009இல் இடம்பெயர்ந்து வந்தபோது எல்லாப் பத்திரத்தையும் விட்டுவிட்டு வந்தவர்களுக்கு இந்த வழி பழக்கமானதுதான். தடைக்காலம் முடியுமுன் "தொலைந்தது" என்று சொல்லி இரண்டாம் பிரதி எடுக்கப் பார்க்காதீர்கள். அது பொய் முறைப்பாடு. லைசன்சில் மாட்டியதை விட அது பெரிய வழக்கு.

அட்டை கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது காலாவதித் திகதி. இலகு ரக வாகன லைசன்ஸ் அட்டைக்கு 8 வருடம், கனரகத்துக்கு 4 வருடம். நீதிமன்றம் தடை போட்ட காலத்திலும் இந்தக் கடிகாரம் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். தடை முடிந்த அன்றே அட்டையும் காலாவதியாகி இருந்தால் நீங்கள் இன்னும் ஓட முடியாது, புதுப்பித்துத்தான் ஓட வேண்டும். ஆகவே அட்டையைக் கொடுக்குமுன் இரண்டு பக்கத்தையும் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பொலிஸ் ஏற்கனவே வாங்கிவிட்டதென்றால் பழைய கொப்பி வீட்டில் எங்காவது இருக்கும். லீசிங் எடுத்தபோது கொடுத்த கொப்பி, வங்கிக்குக் கொடுத்தது என்று தேடினால் அகப்படும்.

வைத்தியச் சான்றிதழ்

புதுப்பிக்கவும் புதிதாக எடுக்கவும் தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தின் சான்றிதழ் வேண்டும். தெரிந்த டொக்டரிடம் எழுதி வாங்கும் துண்டு எடுபடாது. நேரம் பதிவுசெய்துவிட்டுப் போங்கள். அடையாள அட்டை, கண்ணாடி போடுபவர் என்றால் கண்ணாடி, பிரஷருக்கோ சீனிக்கோ மருந்து எடுப்பவர் என்றால் கிளினிக் கொப்பி. கண் பார்வை, காது, இரத்த அழுத்தம் எல்லாம் பார்ப்பார்கள். கனரக வாகனத்துக்கு இன்னும் இறுக்கமாகப் பார்ப்பார்கள். காலை வெறும் வயிற்றோடு பஸ்ஸில் இடிபட்டு வந்து இறங்கிய கையோடு பிரஷர் பார்த்தால் ஏறித்தான் நிற்கும். ஒரு பத்து நிமிடம் இருந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள்.

இந்தச் சான்றிதழ் 6 மாதம்தான் செல்லும். தடை விழுந்த உடனே "எல்லாத்தையும் ரெடி பண்ணுவம்" என்று எடுத்துவிட்டால், தேவைப்படும் நேரத்தில் அது காலாவதியாகி இருக்கும். தடை முடியும் காலத்தை ஒட்டி எடுங்கள்.

இரத்தானவர்களுக்கு: மீண்டும் எல் போர்ட்டிலிருந்து

கட்டளையில் எவ்வளவு காலத்துக்குப் புது லைசன்ஸ் எடுக்க முடியாது என்று எழுதியிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். அந்தக் காலம் முடியாமல் பயிலுநர் அனுமதிப்பத்திரத்துக்கும் விண்ணப்பிக்க வேண்டாம். எல் போர்ட்டும் வீதியில் ஓட ஒரு அனுமதிதானே.

காலம் முடிந்ததும் வைத்தியச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கொப்பிகள், இவற்றோடு கட்டளையின் பிரதி. விண்ணப்பத்தில் முன்னர் லைசன்ஸ் இருந்ததா, தடை விழுந்ததா என்ற இடத்தில் உண்மையை எழுதுங்கள். "புது ஆள் மாதிரிப் போடுவம்" என்று சொல்லிக்கொடுப்பவர்கள் லேனர்ஸ் (ஓட்டப் பயிற்சி நிலையம்) வாசலிலேயே நிற்பார்கள். அடையாள அட்டை இலக்கத்தைத் தட்டினால் பழைய லைசன்ஸ் திரையில் வந்து நிற்கும். அதற்குப் பிறகு பொய்த் தகவல் கொடுத்தவர் என்ற பெயர்தான் மிஞ்சும்.

எழுத்துப் பரீட்சை தமிழிலேயே எழுதலாம். 40 கேள்வி, ஒரு மணித்தியாலம், 30 சரியாக இருக்க வேண்டும். இருபது வருடம் வாகனம் ஓடியவர்கள்தான் இதில் அதிகம் கோட்டை விடுகிறார்கள். ஓட்டம் தெரியும், ஆனால் குறியீட்டுப் பலகைகளின் பெயர் தெரியாது. சுற்றுவட்டத்தில் யாருக்கு முன்னுரிமை என்று கேட்டால், எங்கள் ஊர்ப் பழக்கத்தைச் சரி என்று போட்டுவிட்டு வருவார்கள். வெட்கப்படாமல் பிள்ளைகளிடம் புத்தகத்தைக் கொடுத்துக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். அவர்களுக்கும் நல்ல பொழுதுபோக்கு.

சித்தியடைந்தால் பயிலுநர் அனுமதிப்பத்திரம், 18 மாதம் செல்லும். ட்ரயலுக்கு எழுத்துப் பரீட்சையிலிருந்து மூன்று மாதம் கழிய வேண்டும். ஆகவே ஒரு வருட இரத்து என்றால் வீட்டுக் கணக்கில் அதைப் பதினைந்து, பதினாறு மாதம் என்று போட்டுக்கொள்ளுங்கள். மாரி மழைக் காலத்தில் ட்ரயல் நாள் தள்ளிப்போனால் இன்னும் கூடும்.

பஸ், லொறி ஓட்டுநர்களுக்கு ஒரு தனிச் சொல். புதிதாக வருபவர் இலகு ரக லைசன்ஸ் எடுத்து இரண்டு வருடம் கழித்துத்தான் கனரகத்துக்குப் போக முடியும் என்பது பொதுவான நடைமுறை. உங்கள் பழைய வகைகள் கணக்கில் எடுக்கப்படுமா என்று முதல் நாளே திணைக்களத்தில் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். வாய்ச் சொல்லை நம்பி இரண்டு வருடத்தைத் திட்டமிடாதீர்கள்.

காலையில் ஊதினால்

குடித்து மாட்டியவர்களுக்கு மட்டும் ஒரு சின்னக் கணக்கு. இங்கே சட்ட அளவு 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 0.08 கிராம் மதுசாரம். உடம்பு அதைச் சராசரியாக மணிக்கு 0.015 கிராம் வீதம்தான் இறக்கும். நடுச்சாமத்தில் 0.16 இல் படுத்தவர் காலை ஐந்து மணிக்குச் சந்தைக்குப் பட்டாவை எடுத்தால் இன்னும் 0.08 க்குச் சற்று மேலேதான் நிற்பார். தேசிக்காய், பச்சைத் தண்ணீரில் முழுக்கு, கட்டைக் கோப்பி எதுவும் இந்த வேகத்தைக் கூட்டாது. மச்சான் இதை நம்பவில்லை. கடதாசியில் கழித்துக் காட்டியபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப சனிக்கிழமை இரவு குடிக்கிறதெண்டா ஞாயிறு சந்தையை விடவேணும்" என்றான். அதுதான் கணக்கு.

முதல் நாள் வீதிக்கு ஏறுமுன்

அட்டை வந்த சந்தோசத்தில் வாகனத்தை மறந்துவிடாதீர்கள். ஆறு மாதம், ஒரு வருடம் கொட்டிலில் நின்ற மோட்டார் சைக்கிளுக்கும் பத்திரங்கள் உண்டு. காப்புறுதி முடிந்திருக்கும். புகைப் பரிசோதனைச் சான்றிதழ் முடிந்திருக்கும். இந்த இரண்டும் இல்லாமல் பிரதேச செயலகத்தில் வாகன வருமான வரிப் பத்திரம் எடுக்க முடியாது. ஒழுங்கு இதுதான்: முதலில் காப்புறுதி, பிறகு புகை, அப்புறம் வரிப் பத்திரம். பற்றரி இறங்கியிருக்கும், பின் சக்கரத்துக்குக் காற்றும் இருக்காது, அதையும் பாருங்கள்.

மச்சான் பட்டாவின் பத்திரம் எல்லாம் சரியாக வைத்திருந்தான், அது ஓட்டத்தில் இருந்ததுதானே. மோட்டார் சைக்கிளைப் பார்க்கவில்லை. லைசன்ஸ் எடுத்த மூன்றாம் நாள் தர்மபுரம் தாண்டி ஒரு வளைவில் மறித்தார்கள். நெஞ்சை நிமிர்த்தி அட்டையை நீட்டினான். பொலிஸ்காரர் அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, முன்னால் ஒட்டியிருந்த வரிப் பத்திரத்தைக் குனிந்து பார்த்தார். அது முடிந்து நான்கு மாதம். தண்டப் பத்திரம் எழுதி, அட்டையை வாங்கிக்கொண்டார். இம்முறை 14 நாளுக்கு வைக்கவில்லை, அன்று பின்னேரமே தபாலகத்தில் கட்டிவிட்டு அத்தானுக்கு அழைப்பு எடுத்தான்.